சோலார் பம்ப்செட்டா? முதலில் வெயில் கணக்கு!

வேலூர், ஆம்பூர் பக்கம் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை; சோலார் பம்ப்செட் போட்டால் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி தண்ணீர் வரும் என்று நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். உடலைச் சுடும் வெப்பம் வேறு, மின்சாரம் தரும் ஒளி வேறு. பேனலின் சூடு 10 டிகிரி கூடினால் உற்பத்தி சுமார் 4 சதவீதம் குறைந்துவிடும்.

வானிலை நிலையங்களில் கண்ணாடிக் கோளம் ஒன்றின் பின்னால் அட்டை செருகியிருப்பார்கள். வெயில் அடிக்கும் நேரம் மட்டும் அது கருகும். கருகிய நீளமே அன்றைய வெயில் நேரம். அதிலிருந்து சூரியசக்தியைக் கணக்கிடும் வழியை, 1924-ல் ஸ்வீடன் அறிஞர் ஆங்ஸ்ட்ராம் சொன்னார்.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். பகல் நேரத்தில் வெயில் அடித்த பங்கு எவ்வளவு? அதில் பாதியுடன் 0.25 கூட்டுங்கள். வளிமண்டலத்துக்கு மேலே விழும் சக்தியால் பெருக்குங்கள். நம் பகுதிக்கு அது சதுர மீட்டருக்கு ஒரு நாளில் ஏப்ரலில் 10.6 யூனிட், டிசம்பரில் 8.2 யூனிட்.

உதாரணமாக, ஏப்ரலில் 12.3 மணி நேரப் பகலில் 9.2 மணி நேரம் வெயில் அடித்தால், தரைக்கு வருவது 6.6 யூனிட். டிசம்பரில் 11.2 மணி நேரத்தில் பாதி மேகமூட்டம் என்றால் 4.1 யூனிட்தான். 5 எச்.பி. மோட்டாருக்கு 4.8 கிலோவாட் பேனல் என்று வையுங்கள். சூடு, தூசி, கம்பி இழப்புக்குக் கால் பங்கு கழித்தால் ஏப்ரலில் சுமார் 24 யூனிட், டிசம்பரில் 15 யூனிட் கிடைக்கும்.

ஆகவே, 'ஆண்டுச் சராசரி' என்று விற்பனையாளர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். மாதவாரியாகக் கேளுங்கள். பக்கத்தில் உங்கள் பயிரின் தண்ணீர்த் தேவையை எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வெயில் குறைந்தாலும் தேவையும் குறையும். எந்த மாதத்தில் இரண்டும் மிக நெருக்கமாக வருகிறதோ, அந்த மாதத்துக்கு ஏற்பப் பேனல் வாங்கினால் போதும்.

கடைசியாக ஒன்று. மின்சாரம் இலவசம் என்று பொழுது சாயும்வரை இறைத்தால் கிணறு தாங்காது. தோல் தொழிற்சாலைக் கழிவால் உப்பேறிய பாலாற்றுப் பகுதியில் தண்ணீரின் தரமும் முக்கியம். மானியம் கேட்டு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போகும் முன், கிணற்றின் ஊற்றையும் உப்பின் அளவையும் சோதித்துவிடுங்கள்.