வம்சத்தில் இருக்கும் ரத்த அழுத்தம்

ஸ்ரீரங்கத்திலும் உறையூரிலும் ரத்த அழுத்தத்துக்குப் பலர் சொல்லும் காரணம் ஒன்றே: "எங்க வம்சத்துலயே இருக்கு." அது உண்மைதான். ஆளுக்கு ஆள் அழுத்தம் வேறுபடுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மரபணுக்களால் வருகிறது. ஆனால் அந்தப் பங்கு ஒரே மரபணுவிடம் குவிந்திருக்கவில்லை. பத்து லட்சம் பேரின் தகவலை அலசி 2018-இல் வெளியான ஆய்வு, அழுத்தத்தோடு தொடர்புள்ள 900-க்கும் மேற்பட்ட இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. மரபணுக்களால் வருவதென்றால் உப்பைக் குறைத்து என்ன பயன் என்று கேட்கலாம். லிடில் என்ற அரிய பரம்பரை நோய் அதற்கு விடை தருகிறது. சிறுநீரகத்தில் சோடியத்தை உள்ளே இழுக்கும் வாயில்கள் அளவுக்கு மீறித் திறந்தே கிடப்பதால், உப்பும் நீரும் உடலில் தங்கி இளமையிலேயே அழுத்தம் ஏறுகிறது. ஒற்றை மரபணுவால் வரும் அழுத்த நோய்களில் பெரும்பாலானவை இப்படி உப்பின் வழியாகவே வேலை செய்கின்றன. ஆகவே வம்சத்தில் நோய் உள்ளவருக்கே ஊறுகாயும் அப்பளமும் கூடுதல் ஆபத்து.

இதயத்தின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இல் இதயத் தசை நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றத்தை விரிவாக எழுதினார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும். தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் அது உண்டு. தோன்றி சுமார் 33,000 ஆண்டுகள் என்பது அவர்கள் கணிப்பு. கேடானது இத்தனை காலம் எப்படி நிலைத்தது? பாதிப்பு பெரும்பாலும் நடுவயதுக்குப் பின், பிள்ளைகள் பிறந்த பிறகே தெரிகிறது. இயற்கைத் தேர்வு அதைக் களையவில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் மரபணுச் சோதனை செய்யலாமே என்ற வாதம் வலுவாகத் தோன்றும். நான் ஏற்கவில்லை. 25 எழுத்து குறைந்தவர்களில் பலர் நலமாகவே வாழ்கிறார்கள். அதோடு சேர்ந்து வரும் வேறொரு மாற்றமே சிலரிடம் ஆபத்தைக் கூட்டுவதாகப் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. அழுத்தமானியோ இன்றைய நிலையை நேராகச் சொல்லிவிடும். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதன் ஒரு கோடியாவது பயனாளிக்கு 2022 டிசம்பரில் மருந்து வழங்கப்பட்டது திருச்சி மாவட்டத்துச் சன்னாசிப்பட்டியில்தான். பெற்றோருக்கு இளவயதிலேயே அழுத்தம் வந்திருந்தால், பிள்ளைகள் இருபதுகளிலேயே ஆண்டுக்கு ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் யாராவது இளமையில் திடீரென இறந்திருந்தாலோ இதயத் தசை தடித்திருந்தாலோ, அங்கே எக்கோவும் மரபணுச் சோதனையும் அவசியம்.