இருவர் செல்லும் படகு

வடக்கே கட்டுமாவடியில் தொடங்கித் தெற்கே ஏனாதியில் முடியும் நமது புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை சுமார் 42 கிலோமீட்டர் நீளமே உடையது. மணமேல்குடி, செகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்களின் வாழ்வு இக்கரையைச் சார்ந்தே நடைபெறுகிறது. ஆயினும் இக்கரையில் இன்று பாய் விரித்துச் செல்லும் படகைக் காண்பது அரிதாகிவிட்டது. விசைப்படகும், பின்புறம் எந்திரம் பூட்டிய கண்ணாடி இழைப் படகுமே துறையை நிறைத்து நிற்கின்றன. இந்நிலையில், “பாய்மரப் படகு ஒன்று வாங்கக் கருதியுள்ளோம்; எத்தகையதை வாங்கலாம்?” என்று வினவி நம்மிடம் ஒரு கடிதம் வந்தபோது நாம் சற்றே திகைத்தது உண்மை.

எழுதியவர் சரக்குக் கப்பல்களில் எந்திரப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர்தம் துணைவியார் பூகோளம் கற்பித்த ஆசிரியை. பிள்ளைகள் அயல்நாடுகளில் குடியேறிவிட்டனர். “முப்பது ஆண்டுகள் உலக வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்தேன், அதில் ஒரு மூலையையேனும் கண்ணால் காண வேண்டாமா?” என்று அந்த அம்மையார் கடிதத்தின் கீழே தம் கையால் இரண்டு வரிகள் சேர்த்திருந்தார். அவர்கள் ஒதுக்கியிருந்த தொகை இருவருடைய ஓய்வூதியப் பணிக்கொடையின் பெரும்பகுதி. தவறான படகை வாங்கினால் போவது பணம் மட்டுமன்று என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நாம் மாலுமிகள் அல்லோம். ஆதலின் முதலில் கோட்டைப்பட்டினம் துறைக்குச் சென்று, வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கேட்டோம். அவர் தலை நிமிராமலே, “எந்தக் கடலுக்குன்னு முதல்ல சொல்லுங்கய்யா, அப்புறம் படகைச் சொல்றேன்” என்றார். பின்னர் நாம் புரட்டிய நூல்கள் யாவும் இந்த ஒரு வரியை விரித்து உரைப்பனவாகவே நமக்குத் தோன்றின.

பாக் குடா ஆழமற்ற கடல். அடியில் சேறு, பல இடங்களில் கரையிலிருந்து நெடுந்தொலைவு நடந்தே செல்லலாம். இக்கடலுக்கென்றே நம் முன்னோர் ‘வத்தை’ என்னும் படகை அமைத்தனர். அதிராம்பட்டினம் பக்கத்து வத்தைகளைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1920-ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் விரிவாக எழுதியுள்ளார். அடி தட்டையாதலால் சேற்றில் தரை தட்டினாலும் கேடில்லை. ஆனால் தட்டையான அடியுடன் பெரிய பாயை விரித்தால் காற்று படகைச் சாய்த்துவிடுமே! அதற்கு அவர்கள் கண்ட உபாயம் எளியது. படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றைக் காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டி, ஆட்கள் அதன்மேல் ஏறி அமர்ந்து தம் உடற்பாரத்தால் படகை நிமிர்த்தினர். காற்று வலுத்தால் இன்னும் வெளியே நகர்வர். தணிந்தால் உள்ளே வருவர். படகைக் கவிழாமல் காத்த நிறைகல் மனிதனே என்று கூறலாம்.

இது பலர் சேர்ந்து செல்லும் தொழிற்படகுக்குப் பொருந்தும். இருவர் மட்டுமே செல்லும் படகில், ஒருவர் உறங்க மற்றவர் சுக்கான் அருகே இருக்கும் நள்ளிரவில், பலகைமேல் ஏற ஆள் ஏது? ஆதலின் ஆழ்கடல் செல்லும் சிறு பாய்ப்படகுக்கு நிறைபாரம் படகின் அடியிலேயே இருத்தல் வேண்டும். ‘ஏரா’ என்று நம் தச்சர் வழங்கும் அடிமரம் ஆழமாக இறங்கி, அதன் கீழ் ஈயமோ இரும்போ பொருத்தப்பட்டிருக்கும். படகின் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ, அதற்கு மேலுமோ இப்பாரமே ஆகும். தஞ்சாவூர்ப் பொம்மையை எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து நிற்பது அதன் அடியில் உள்ள பாரத்தால் அன்றோ? அதே தத்துவந்தான்.

இத்தத்துவத்தைப் புறக்கணித்ததன் விளைவை உலகம் 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கண்டது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. இடையில் எழுந்த புயலில் பந்தய வீரர் 15 பேர் மாண்டனர். வேகத்தை மட்டும் கருதி அகலமாகவும் இலேசாகவும் கட்டப்பட்ட சிறு படகுகள் சில, தலைகீழாகக் கவிழ்ந்த பின் விரைவில் நிமிரவில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. ஆட்கள் அஞ்சிக் கைவிட்டுச் சென்ற படகுகள் 24. அவற்றுள் 19 பின்னர் மிதந்த நிலையிலேயே மீட்கப்பட்டன. உயிர்காக்கும் தெப்பத்தை நம்பிப் படகை விட்டவர்களைக் காட்டிலும் படகு உறுதியாக இருந்திருக்கிறது.

எந்த அளவு படகு என்பது அடுத்த வினா. பெரிய படகே பத்திரம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இல்லறத்தார் இருவர் உலகைச் சுற்றிய வரலாறுகளைப் படித்தால் வேறு விதமாகத் தோன்றுகிறது. எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் 1952 முதல் 1955 வரை உலகைச் சுற்றிய ‘வாண்டரர்-3’ சுமார் 30 அடி நீளமே உடையது. லாரி பார்டி, லின் பார்டி தம்பதியர் தம் கையாலேயே கட்டி 1968-இல் கடலில் இறக்கிய ‘செராஃபின்’ 24 அடி 4 அங்குலம். அதில் எந்திரமே இல்லை. நமது கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகள் பல இதனினும் பெரியன. எந்திரம் வேண்டாம் என்று கப்பல் எந்திரத்தோடு வாழ்ந்தவரிடம் நாம் சொல்லத் துணியவில்லை. துறைமுகத்துக்குள் நுழையவும் காற்றற்ற நாளில் பெருங்கப்பலின் வழியிலிருந்து விலகவும் சிறிய டீசல் எந்திரம் ஒன்று இருப்பது நலமே.

பம்பாய்க்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற வணிகக் கப்பல் அதிகாரி, அங்கேதான் தேக்கு மரத்தால் ‘சுஹைலி’ என்னும் 32 அடிப் படகைக் கட்டுவித்தார். 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து தனியராகப் புறப்பட்டு, எங்கும் தங்காமல் உலகைச் சுற்றி, 312 நாட்களுக்குப்பின் 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறையை அடைந்தார். அவ்வாறு எங்கும் தங்காமல் தனியே சுற்றிய முதல் மனிதர் அவரே. படகு வேகமானதன்று, கனத்த உடல், நீண்ட ஏரா, இரண்டு பாய்மரங்கள். வேகமான படகுகளில் சென்ற பிற போட்டியாளர் எவரும் அப்பந்தயத்தை முடிக்கவில்லை.

அதன் நினைவாக 2018-இல் மீண்டும் தொடங்கப்பட்ட கோல்டன் குளோப் பந்தயத்தின் விதிகளையே நாம் அன்பருக்கு எழுதி அனுப்பினோம். 32 அடி முதல் 36 அடி வரை நீளம்; 1988-க்கு முற்பட்ட வடிவமைப்பு; முழுநீள ஏரா; அதன் பின்விளிம்பிலேயே பொருத்தப்பட்ட சுக்கான். இத்தகைய சுக்கானுக்கு முன்னால் ஏராவே கேடயம்போல் நிற்பதால், மிதந்துவரும் மரத்துண்டிலோ வலையிலோ மோதினாலும் அது எளிதில் முறியாது. மீன்வலைகள் மலிந்த நம் கடலில் இது அற்பமான விஷயமன்று.

எனினும் நல்ல வடிவமே எல்லாமாகிவிடாது. அதே 2018-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் நம் நாட்டுக் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டப்பட்ட ‘துரியா’ என்ற படகில் சென்றார். அது சுஹைலியின் மறு வடிவமே. தென் இந்தியப் பெருங்கடலில் புயல் தாக்கிப் பாய்மரம் முறிந்தது. அவரோ முதுகெலும்பில் பலத்த காயமுற்று எழ இயலாமல் படுக்கையில் கிடந்தார். மூன்று நாட்களுக்குப்பின் பிரெஞ்சு மீன்பிடிக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. படகு மூழ்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வீரர் மனந்தளராது, 36 அடி நீளமுள்ள வேறொரு படகில் அடுத்த பந்தயத்தில் கலந்து, 2023 ஏப்ரலில் இரண்டாமவராக வந்து சேர்ந்தார். முதலாவதாக வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்ற பெண்மணி.

இருவருக்கு 28 அடி முதல் 34 அடிவரை போதும் என்பது நமது துணிபு. ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் வீதம் இருவருக்கு முப்பது நாட்களுக்கு 180 லிட்டர் குடிநீர் தேவை. அதோடு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து, கருவிகள். இவற்றைச் சுமந்தும் தாழாத படகு வேண்டும். இதற்குமேல் நீளம் கூடக்கூடப் பாயின் பரப்பும் நங்கூரத்தின் எடையும் ஏறிக்கொண்டே போகும். கடற்படை அதிகாரிகளான தில்னாவும் ரூபாவும் இருவராகவே 56 அடி ‘தாரிணி’யில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினர். ரூபா நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியைச் சேர்ந்தவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் நெடிய பயிற்சி பெற்ற இளம் அதிகாரிகள். அறுபதைக் கடந்த தம்பதியர் அந்த அளவைப் பின்பற்ற எண்ணலாகாது.

இன்னொன்றையும் வற்புறுத்தி எழுதினோம். இருவர் மட்டுமே செல்லும்போது சுக்கானை இரவும் பகலும் கையில் பிடித்துக்கொண்டிருக்க இயலாது. மூன்றாம் நாளே உறக்கமின்மை அறிவை மயக்கிவிடும். காற்றின் திசையைக் கொண்டு தானே சுக்கானைத் திருப்பும் காற்றுத்தகடு ஒன்று உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டா, சோறு வேண்டா, சம்பளமும் வேண்டா. அழகிய மெத்தைகளையும் குளிர்பெட்டியையும் காட்டி விலை பேசும் தரகரிடம், முதலில் இக்கருவி உண்டா என்று கேட்க வேண்டும்.

பழைய படகு வாங்குவோர் கண்ணாடி இழை உடலில் நீர்க்கொப்புளம் உண்டா, ஏராவைப் பிணைக்கும் ஆணிகள் துருவேறியுள்ளனவா, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எத்தனை ஆண்டு பழையன என்று நீரிலிருந்து தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடுவது பெரும் பிழை. புதுப்பிக்க ஒரு பெரும்பங்கை மிச்சம் வைத்தல் அவசியம்.

படகை நம் கரையில் வைத்துக்கொள்ளலாமா என்று அன்பர் கேட்டிருந்தார். வேண்டாம் என்றோம். ஐந்தடி ஆழம் இறங்கும் ஏராவுக்கு நம் சேற்றுக்கரையில் இடமில்லை. 1974-இல் வரையப்பட்ட எல்லைக்கோடு அருகிலேயே கிடக்கிறது. அக்கோட்டின் பொருட்டு நம் மீனவர் படும் துயரை இப்பகுதிக் குடும்பங்கள் அறியும். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் இக்கரை பட்ட பாட்டையும் மறந்தோமில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் திறந்த கரையில் படகை நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. கொச்சியில், போல்காட்டித் தீவில் இத்தகைய படகுகள் தங்குவதற்கென்றே துறை ஒன்று உண்டு.

ஆனாலும் இக்கரையைக் குறைவாக எண்ணிவிடக்கூடாது. நமக்கு நேர் எதிர்க்கரையில் உள்ள வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர் கட்டிய ‘அன்னபூரணி’யை வாங்கியவர், 32 அடிப் படகில் முன்னரே உலகைச் சுற்றி வந்த ராபின்சன் என்னும் அமெரிக்கர். அவர் தம் மனைவியின் பெயரையே அதற்குச் சூட்டினார். தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் நிறுத்தினர். படகு அறிந்த ஒருவர் படகு தேடி நம் மக்களிடம் வந்தார் என்பது சிறிய செய்தியா?

சில வாரங்கள் கழித்து இருவரும் விலைக்கு வந்த 38 அடிப் படகு ஒன்றைப் பார்வையிடச் சென்றனர். நாமும் உடன் சென்றோம். வெண்மையான உடல், பளபளக்கும் மரவேலை, அகன்ற சமையலறை. அன்பரின் முகம் மலர்ந்துவிட்டது. எந்திர அறைக்குள் இறங்கியவர் நெடுநேரம் மேலே வரவில்லை. அம்மையாரோ தளத்தின் விளிம்பில் நின்று கீழே நீரையே நோக்கிக்கொண்டிருந்தார். நீருக்கும் விளிம்புக்கும் இடையே ஆளுயரத்தில் முக்கால் பங்கு இருந்தது.

அன்பர் மேலே வந்ததும் அம்மையார் கேட்டார்: “நீங்க இதுலேர்ந்து விழுந்துட்டா, நான் ஒருத்தியா உங்களை மேலே தூக்க முடியுமாங்க?”

அவர் விடை கூறவில்லை. தரகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மையார் பாய்மரத்தருகே சென்று, பெரிய பாயை ஏற்றும் கயிற்றைத் தம் இரு கையாலும் இழுத்துப் பார்த்தார். பாய் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. மூச்சு வாங்கியபடி கயிற்றை மெதுவாக விட்டார். பின்னர் சுக்கான் அருகே அமர்ந்து, “நீங்க உறங்குறப்போ இது என் படகுதானே?” என்றார்.

அப்படகை அவர்கள் வாங்கவில்லை. திரும்பும் வழியில் இருவரும் ஒரு தாளில் புதிய பட்டியல் எழுதினர். முதல் வரியை அம்மையார் எழுதினார்: நீளம் 30 அடிக்கு மேற்படலாகாது, விளிம்பு தாழ்வாக இருத்தல் வேண்டும், பின்புறம் நிலையான ஏணி, நீரில் விழுந்தவரைத் தூக்கக் கப்பியும் கயிறும். சுக்கான் ஏராவோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அன்பர் எழுதிய இரண்டாம் வரி. விலை ஐந்தாம் வரியில்தான் வந்தது.

இப்போது இருவரும் சென்னையில் சிறு பாய்ப்படகு செலுத்தக் கற்று வருகின்றனர். சென்ற வாரம் வந்த கடிதத்தில், படகு இருமுறை கவிழ்ந்ததாகவும், இரண்டு முறையும் அதை நிமிர்த்தியது தம் மனைவியே என்றும் அன்பர் எழுதியிருக்கிறார்.