மலை இல்லாத ஊரில் மவுண்டன் பைக்

பரங்கிப்பேட்டையில் மவுண்டன் பைக் ஓட்டப் போகிறேன் என்றதும் சித்தி சிரித்துவிட்டார். "ஏறுறதுக்கு இங்க மலை எங்கேப்பா இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் வயல், தென்னந்தோப்பு, உப்பங்கழி, மணல். ஆற்றுப் பாலம்தான் இங்கு பெரிய ஏற்றம்.

மவுண்டன் பைக் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மலைச் சரிவுகளில் இறங்குவதற்காக உருவானது. ஆனால் அதன் அகலமான டயர் நம் கடலோரக் கிராமங்களுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. சாதாரண சைக்கிளின் ஒல்லி டயர் புதைந்துவிடும் மணலில், காற்றைச் சற்றுக் குறைத்துக் கொண்டால் இது மிதந்து போகும்.

சரி, இதற்கும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் என்ன தொடர்பு? பயணத்தில் பாதி வேலை கம்ப்யூட்டர் முன்னால்தான் நடக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் செலவில்லாமல் இதைச் செய்யலாம். சிதம்பரத்தில் இருந்து சி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், பு.முட்லூர் வழியாகப் பரங்கிப்பேட்டைக்கு வரும் சாலை எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேப் தேவையில்லை. ஊருக்குள் வந்த பிறகு கிளை பிரியும் சின்னப் பாதைகளுக்குத்தான் மேப் தேவை.

வீட்டிலேயே பாதை போடுவது எப்படி?

2004ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தைத் தன்னார்வலர்கள் வரைந்து வருகிறார்கள். ஒற்றையடிப் பாதை, வரப்பு, வாய்க்கால் கரை வரை இதில் குறிக்க முடியும் என்பதால், சைக்கிள்காரர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். இதை வைத்துப் பாதை போட்டுத் தரும் இலவசத் தளம் பிரௌட்டர். கூகுள் தேடலில் 'பிரௌட்டர் வெப்' என்று கேட்டால் கிடைக்கும்.

தளத்தைத் திறந்து, பரங்கிப்பேட்டை தெரியும்வரை மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கவும். பட்டியலில் சைக்கிள் வகையைத் தேர்ந்தெடுக்கவும். பிறகு புறப்படும் இடத்திலும் போக வேண்டிய இடங்களிலும் வரிசையாகக் கிளிக் செய்திடவும். புள்ளிகளுக்கு இடையே பாதையைத் தளமே இணைக்கும். நான் பரங்கிப்பேட்டை, அன்னங்கோவில், புதுப்பேட்டை, சாமியார்பேட்டை என்று கிளிக் செய்து, வேறு வழியில் திரும்பி வரும்படி அமைத்தேன். சுமார் 25 கிலோமீட்டர் வந்தது.

அடுத்து எக்ஸ்போர்ட் என்பதைக் கிளிக் செய்து, ஜிபிஎக்ஸ் வகையில் பைலைச் சேமிக்கவும். இந்தப் பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். இது வெறும் டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடில் திறந்து பாருங்கள். 11.5, 79.76 என்பது போன்ற எண்கள் வரிசையாக இருக்கும். இதில் 11.5 என்பது அட்சரேகை, 79.76 என்பது தீர்க்கரேகை.

பைலை யுஎஸ்பி கேபிள் வழியாக மொபைலுக்குக் காப்பி செய்து, ஓஎஸ்எம்அண்ட் என்ற அப்ளிகேஷனில் திறக்கவும். தமிழ்நாடு மேப்பை வீட்டில் இருக்கும்போதே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். வழியில் சிக்னல் இல்லாவிட்டாலும் மேப் தெரியும். நின்று பார்க்க வேண்டிய இடங்களையும் முன்கூட்டியே குறித்துவிடலாம். நான் குறித்தவை இரண்டு. ஒன்று, வெள்ளாற்றங்கரையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். மற்றொன்று, அன்னங்கோவில் மீன் இறங்குதளம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் ஐர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படையும் மோதியது இந்த வட்டாரத்தில்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு ஓட்டினால் வயல்வெளி வேறு மாதிரி தெரியும்.

கம்ப்யூட்டர் சொன்னதும் கண்ணால் கண்டதும்

சென்ற கார்த்திகையில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தி மகனும் நானும் கிளம்பினோம். அவனுக்குப் பதினான்கு வயது. சாமியார்பேட்டை கடற்கரை வரை எந்தச் சிக்கலும் இல்லை. திரும்பும்போதுதான் வந்தது வினை. மேப்பில் ஒரு மெல்லிய புள்ளிக்கோடு உப்பங்கழிக் கரை வழியாகச் சுருக்கமாகப் போனது. வீட்டில் சாட்டிலைட் படத்திலும் பார்த்திருந்தேன். காய்ந்த மண்பாதை பளிச்சென்று தெரிந்தது. நம்பித் திருப்பினோம்.

கொஞ்ச தூரத்தில் சக்கரம் பாதி மூழ்கும் அளவு தண்ணீர். மணி ஐந்தரை தாண்டிவிட்டது. மொபைலில் ஆறு சதவீதம்தான் சார்ஜ். "அண்ணா, மேப்புல வழி நேராத்தான் போகுது" என்று சொல்லிக்கொண்டே தம்பி முன்னால் தள்ளிக்கொண்டு போனான். அப்போது பின்னால் இருந்து ஒரு சத்தம். வலையைத் தோளில் போட்டபடி ஒரு பெரியவர் ஓடி வந்தார்.

"டேய் தம்பி, நில்லு! இது கோடையில போற வழி. ஐப்பசி மழைக்குக் கரை உடைச்சுக்கும். இன்னும் பத்தடி போனா ஆள் உயரம் பள்ளம்" என்றார்.

தம்பி அப்படியே நின்றுவிட்டான். எனக்குக் கை நடுங்கியது. மேப் சரியாக இருக்கிறதா என்று பார்த்தவன், எந்த மாதத்து மேப் என்று பார்க்கவில்லை. சாட்டிலைட் படம் நேற்று எடுத்தது அல்ல. அது கோடையில் எடுத்த படமாகவும் இருக்கலாம், மூன்று ஆண்டு பழையதாகவும் இருக்கலாம். பெரியவர் காட்டிய வழியில் தார்ச் சாலைக்கு வந்து, இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தோம்.

வீட்டிற்கு வந்து செய்ய வேண்டியவை

மொபைலில் பதிவான பாதையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பார்த்தேன். நிலப்படத்தில் எங்கள் கோடு சாலையோடு ஒட்டியே இருந்தது. 2000 மே மாதத்திற்கு முன்பு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை சேர்த்திருந்தது. அதனால் நூறு மீட்டர் வரை தவறு வரும். இன்று சில மீட்டர்கள்தான். ஆனால் ஏறிய உயரம் 140 மீட்டர் என்று காட்டியதைப் பார்த்துச் சித்தி மீண்டும் சிரித்தார். ஜிபிஎஸ் உயரத்தைக் கணக்கிடுவதில் அவ்வளவு துல்லியம் கிடையாது. பல தளங்கள் பயன்படுத்தும் உயரத் தகவல் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் அளந்தது. அந்த ரேடார் பல இடங்களில் தரைக்குப் பதிலாக மர உச்சியையும் கூரையையும் அளந்திருக்கிறது. தென்னந்தோப்பும் அதற்குக் குன்றுதான்!

பாதையை நண்பர்களோடு பகிரும் முன் தொடக்கமும் முடிவும் மறைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு வாசல் ஊருக்கே தெரியும். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் இருப்பிடமே தெரிந்துவிட்டதை, 2018 ஜனவரியில் ஒரு ஆஸ்திரேலிய மாணவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

முக்கியமான வேலை கடைசியில்தான் இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் இலவசமாகக் கணக்கு தொடங்கினால் பிழையை நீங்களே திருத்தலாம். எடிட் என்பதைக் கிளிக் செய்திட்டால் பிரௌசரிலேயே திருத்தும் பகுதி திறக்கும். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம் என்று நினைத்தால், உரிய இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கலாம். தமிழிலேயே எழுதலாம். வேறு நிறுவனத்தின் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிப்பது மட்டும் கூடாது. உரிமைச் சிக்கல் வரும். நேரில் கண்டதை எழுதுங்கள்.

அந்தப் புள்ளிக்கோட்டை அன்றிரவே அழித்துவிடத்தான் கை பரபரத்தது. பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்ததால் அழிக்கவில்லை. மழைக்காலத்தில் செல்ல முடியாது என்று பருவக் குறிப்பு சேர்த்துச் சேமித்தேன்.

பொங்கல் விடுமுறையில் தம்பியோடு மீண்டும் போனேன். தண்ணீர் வடிந்து, கரையை மண் போட்டு அடைத்திருந்தார்கள். மீன் கூடையோடு நான்கைந்து பெண்கள் அந்த வழியாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அழித்திருந்தால் அவர்களின் பாதையை அல்லவா அழித்திருப்பேன்!

உங்கள் ஊரைச் சுற்றியும் இப்படிப் பாதைகள் இருக்கும். இந்த வாரம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். கிளம்பும் முன், அந்த வழியில் தினமும் நடப்பவர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.