திரும்பி ஓடிய புரோட்டான்கள்

1876-இல் லுட்விக் போல்ட்ஸ்மானை மடக்கியவர், அவருடைய மூத்த நண்பரான யோசஃப் லோஷ்மிட். தனித்துவிடப்பட்ட எந்த அமைப்பிலும் ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி, குறையாது என்கிறது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. அதை மூலக்கூறுகளின் இயக்கத்திலிருந்தே நிறுவிவிடப் போல்ட்ஸ்மான் முயன்றுகொண்டிருந்தார். லோஷ்மிட்டின் ஐயம் எளிமையானது: நியூட்டனின் விதிகளுக்கு முன், பின் என்ற பேதமே கிடையாது. வாயுவின் மூலக்கூறுகள் அத்தனையையும் ஒரே கணத்தில், வேகம் மாறாமல் எதிர்த்திசையில் திருப்பிவிட்டால், கலந்ததெல்லாம் தானே பிரிந்துவிடாதா?

பிரியத்தான் செய்யும். அடுத்த ஆண்டே பதில் எழுதிய போல்ட்ஸ்மான் அதை மறுக்கவில்லை. வாய்ப்பைக் கணக்கிடச் சொன்னார். பெட்டிக்குள் 10 மூலக்கூறுகள் இருந்தால், எல்லாமே இடப் பாதியில் ஒதுங்கியிருக்க 1,024-இல் ஒரு வாய்ப்பு. 100 இருந்தால், 1-க்குப் பின் 30 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒன்று. சாதாரணக் காற்றிலோ, ஒரு கன சென்டிமீட்டருக்குள்ளேயே சுமார் 2.7 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணுக்கு இன்று லோஷ்மிட்டின் பெயர்!

ஆனாலும் ஓர் ஓட்டை மிச்சம். இதே கணக்கை இறந்தகாலத்தை நோக்கிப் போட்டால், நேற்றும் என்ட்ரோபி அதிகமாகவே இருந்திருக்க வேண்டும் என்று வருகிறது. பிரபஞ்சம் மிகக் குறைந்த என்ட்ரோபியோடு தொடங்கியது என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு நேராகும். 1927-இல் ஆர்தர் எடிங்டன் ‘காலத்தின் அம்பு’ என்று பெயர் சூட்டிய ஒருவழிப் போக்கு, இந்தத் தொடக்கத்தில் தொற்றிக்கொண்டு நிற்கிறது.

லோஷ்மிட் கற்பனையில் செய்ததை, 1950-இல் அமெரிக்க இயற்பியலாளர் எர்வின் ஹான் ஏறக்குறைய செய்தே காட்டினார். காந்தப்புலத்தில் வைத்த திரவத்தின் புரோட்டான்களை ஒரு ரேடியோ துடிப்பால் ஒரே தாளத்தில் சுழலவைத்தார். காந்தப்புலம் இடத்துக்கு இடம் சற்றே மாறுவதால் தாளம் கலைந்து சமிக்ஞை அடங்கியது. இரண்டாவது துடிப்பைக் கொடுத்தார். இடையில் விட்ட அதே அளவு நேரம் கழிந்ததும், அடங்கிய சமிக்ஞை மறுபடி எழுந்தது. ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதியதும் எல்லோரும் திரும்பி அவரவர் வேகத்திலேயே ஓடினால், முந்தியவரும் பிந்தியவரும் புறப்பட்ட கோட்டை ஒன்றாகத் தொடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி.

இந்த எதிரொலி முழுசாகத் திரும்புவதில்லை. மூலக்கூறுகளின் தற்செயலான அலைவால் கலைந்துபோன பங்கை எந்தத் துடிப்பாலும் மீட்க முடியாது. காத்திருக்கும் நேரம் கூடக்கூட எதிரொலி மெலிகிறது. எம்.ஆர்.ஐ. கருவி ‘டி2’ வகைப் படங்களை எடுக்கும்போது பயன்படுத்திக்கொள்வது இந்த மெலிவைத்தான். நீர் மிகுந்த இடங்களில் அது மெதுவாக நடப்பதால், மூளையைச் சுற்றியுள்ள திரவமும் திசுக்களின் வீக்கமும் அந்தப் படங்களில் வெளுத்துத் தெரிகின்றன.