ஓர் அமினோ அமிலத் திரிபும் உறை குலைந்த நரம்பும்

மூளையின் ஆணைகள் உடலெங்கும் விரைவதற்கு நரம்பிழைகள் வழியாகின்றன. அவ்விழைகளைச் சுற்றிக் கொழுப்பும் புரதமும் அடுக்கடுக்காய் அமைந்த காப்புறையே மையலின் எனப்படும். மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வுறை ஆங்காங்கே சிதைவதால் விளைவதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் தண்டுவட மரப்பு நோய். 1868ஆம் ஆண்டில் பாரிசு நகர மருத்துவர் சார்க்கோ இதனைத் தனி நோயாக விளக்கியுரைத்தார்.

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே இவ்வுறையைத் தாக்குகின்றன என்பது அறிஞர் துணிபு. ஆயினும், படையெடுப்பை மட்டும் ஆராய்ந்தால் போதுமா? கோட்டை மதிலின் உறுதியையும் நாம் நோக்க வேண்டுமன்றோ?

உறையின் அடுக்குகளை இறுகப் பிணைப்பது மையலின் காரப் புரதம். இதிலுள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் நேர்மின்னூட்டம் உடையது; உறையின் கொழுப்புகள் பல எதிர்மின்னூட்டம் உடையவை. இவ்விரண்டின் ஈர்ப்பே பிணைப்பாகிறது. கால்சியத்தின் துணையால் இயங்கும் பெப்டிடைல் ஆர்ஜினின் டிஅமினேஸ் என்னும் நொதி, ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றுகிறது. சிட்ருலினுக்கு மின்னூட்டமில்லை. இலக்கணம் பயில்வோர் 'திரிதல்' என்று கூறும் விகாரம் போன்றதே இதுவும். ஓரெழுத்துத் திரியச் சொல்லின் வடிவு வேறுபடுதல்போல, ஈண்டுப் புரதத்தின் பிடி தளர்கிறது. புரதத்தை அரியும் நொதிகளுக்கும் அஃது எளிதில் இரையாகிறது.

கனடாவின் டொராண்டோ நகரில் மொஸ்கரெல்லோ குழுவினர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். நலமுடைய முதியோரிடம் இப்புரதத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடே சிட்ருலின் வடிவில் உள்ளது. நோயாளரிடம் அது 45 விழுக்காட்டளவு உயர்கிறது. மழலைப் பருவத்திலும் இவ்வடிவம் மிகுதியே. எனவே நோயுற்ற உறை, முதிர்ச்சியடையா உறையை ஒத்தது என அவர்கள் கருதினர். இம்மாற்றம் நோய்க்குக் காரணமா, விளைவா என்னும் வினா இன்னும் முடிவுறவில்லை.

இந்நோய் பெரும்பாலும் 20 முதல் 40 அகவைக்குள் தலைகாட்டுகிறது. ஆடவரினும் மகளிரையே மிகுதியாய்ப் பற்றுகிறது. பார்வை மங்கல், கால் மரத்தல், தீராச் சோர்வு ஆகியவை வந்து மறைவதால், சுற்றத்தார் அவற்றைச் சோம்பலென்றும் நடிப்பென்றும் இகழ்வதுண்டு. முற்றும் நீக்கும் மருந்து இல்லையெனினும், நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவற்றைக் காலந்தாழ்த்தாது தொடங்குதல் நலம். கண்ணுக்குப் புலனாகாத ஒரு திரிபு இளமையையே முடக்கவல்லது என்றுணர்ந்தால், பழிப்பதை விடுத்து நாம் அவர்களை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.