ஆணாகப் பிறந்து அம்மாவாகும் மீன்!

சாயங்காலம் ஆபீஸ் விட்டு அடையாறு திரு.வி.க. பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் செய்கிற முதல் காரியம், கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வது. அதே நேரம், அதே ஆற்றின் கிழக்குக் கோடியில், 1977-ல் உடைந்துபோன பாலத்துப் பக்கம் நாலைந்து இளைஞர்கள் மூக்கைத் திறந்துகொண்டே நிற்பார்கள். கையில் தூண்டில். எதற்கு? கொடுவாவுக்கு!

"சாக்கடையில கொடுவாவா சார்?" என்றுதானே கேட்கிறீர்கள்? முகத்துவாரத்தை மணல்திட்டு அடைக்காத வரைக்கும், தினம் இரண்டு வேளை கடல் உள்ளே ஏறி வந்து அடையாற்றுக்கு வாய் கொப்பளித்துவிட்டுப் போகிறது. அந்த ஏற்றத்தோடு மடவைக் குஞ்சும் இறாலும் வரும். பின்னாலேயே கொடுவா.

இவர்கள் தூண்டிலில் புழு கிடையாது. விரல் நீளத்துக்கு மிதக்கிற பொம்மை மீன். பெயர் 'பாப்பர்'. முகம் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். ஒரு சுண்டு சுண்டினால் 'பளக்' என்று தண்ணீரைத் துப்பும். உடனே சும்மா இருக்க வேண்டும். மறுபடி ஒரு சுண்டு, மறுபடி சும்மா. (சில ஆபீஸ்களில் ஃபைல் நகர்கிற அதே வேகம்!) அடிபட்ட மீன் ஒன்று தத்தளிக்கிறது என்று நம்பி, கீழிருந்து கொடுவா வாயைப் பிளந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். 'டொப்'! அந்தச் சத்தத்துக்குத்தான் இத்தனை தவம். ஆனால், சத்தம் கேட்டதும் இழுத்தால் போச்சு. கையில் கனம் தெரிந்த பிறகுதான் இழுக்கணும். அதன் செவுள் மூடி பிளேடு மாதிரி. மெல்லிய தங்கூஸ் என்றால் அறுத்துக்கொண்டு போயே போய்விடும்.

இந்த வித்தைக்கு ஆரம்பம் அமெரிக்காவில். ஜேம்ஸ் ஹெடன் என்று ஒரு தேனீ வளர்ப்பாளர், கையில் செதுக்கிக்கொண்டிருந்த மரத்துண்டைக் குளத்தில் எறிய, ஒரு 'பாஸ்' மீன் பாய்ந்து அடித்ததாம். மனுஷர் அதையே தொழிலாக்கிவிட்டார்.

சீனிவாசபுரத்துப் பெரியவர் ஒருவர் இவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கொடுவா இன்னா கொயந்தையா நைனா, பொம்மை காட்டி ஏமாத்த?"

குழந்தை இல்லை பெரியவரே, அம்மா! கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாகத்தான் முதிர்கிறது. சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறிவிடுகிறது. நாலு கிலோவைத் தாண்டிவிட்டால் அநேகமாக அம்மாதான். ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். அதே முகத்துவாரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், எம்.ஆர்.சி. நகரில் இருக்கிறது மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம். கொடுவாவைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைப்பதில் அவர்கள் வெற்றி கண்டது 1997-ல்தான். அவ்வளவு லேசில் வாய்க்கிற காரியமில்லை அது.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்: எட்டுக் கிலோ கொடுவாவைக் குழம்பு வைப்பது, வட்டி கொடுக்கிற டெபாசிட்டை உடைத்து பிரியாணி சாப்பிடுகிற மாதிரி.

மயிலாப்பூரில் ஆடிட் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு ஐந்து கிலோ மாட்டியது. ஒரே ஒரு போட்டோ. பிறகு தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்து, தெம்பு வந்ததும் விட்டுவிட்டார். நேரே பட்டினப்பாக்கம் லூப் ரோடு மீன் கடை.

"ரெண்டு கிலோவுக்குள்ள ஒரு கொடுவா குடும்மா."

கடைக்கார அம்மா அவர் தோளில் இருந்த தூண்டிலைப் பார்த்தார். "வூட்ல நீயே புடிச்சேன்னு சொல்லப்போறியா சார்?"