கபாலமாலை யோகிக்கு இடம் உண்டா?

சென்னைக் கப்பலில் பங்க் டிக்கெட்டுக்காக வரிசையில் நின்ற அனுபவம் பெரார்கஞ்ச் வாசகர்கள் பலருக்கு உண்டு. ஊருக்குப் போக எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கப்பலிலோ எண்ணி வைத்த இடம். யாரை ஏற்றுவது, யாரைக் கரையில் நிறுத்துவது? ஜப்பானில் வீடியோ விளையாட்டுத் தயாரிக்கும் கம்பெனிகளும் ஏறக்குறைய இதே தொல்லையில் மாட்டிக்கொண்டு விழிக்கின்றன. அந்த வரிசையில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறார் என்பதுதான் வேடிக்கை.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேர்ந்த பிறகு, இத்தீவுகளிலும் பிள்ளைகள் இந்த விளையாட்டுகளை இறக்கிக்கொண்டு ஆடுவது சுலபமாகிவிட்டது. "அப்படி என்னதான்டா அதில் இருக்கிறது?" என்று கேட்கும் தகப்பனார்களுக்காகச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

திரையில் இருவர் மோதுவார்கள். அது சாதாரணச் சண்டை விளையாட்டு. ஒரு கதையின் வீரர்களையும் வேறொரு கதையின் வீரர்களையும் ஒரே கோதாவில் இறக்கிவிடுவது இன்னொரு வகை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த படம் 1954-ல் வந்த 'கூண்டுக்கிளி' ஒன்றுதான். யாருக்கு எத்தனை காட்சி என்று ரசிகர்கள் எண்ணாமலா இருந்திருப்பார்கள்? இங்கே இரண்டு பேர் அல்ல. முப்பது, நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் உலகெங்கும் ரசிகர் கூட்டம் வேறு.

எட்டில் ஒருவர்

1991-ல் காப்காம் கம்பெனி வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில் ஆடுகிறவர் தேர்ந்தெடுக்க 8 வீரர்கள் இருந்தனர். ஜப்பானுக்கு 2, அமெரிக்காவுக்கு 2, பிரேசில், சீனா, சோவியத் நாடு, இந்தியா ஆகியவற்றுக்குத் தலா 1. இந்தியாவின் பங்காக வந்தவர் தால்சிம். மெலிந்த தேகம், மொட்டைத் தலை, வாயில் நெருப்பு, ரப்பர் போல நீளும் கைகால்கள், கழுத்தில் மண்டையோட்டு மாலை. ஏழைக் கிராமத்துக்குப் பணம் திரட்டவே சண்டைக்கு வந்தவராம். அந்த மண்டையோடுகள் கொள்ளை நோயில் மாண்ட கிராமத்துப் பிள்ளைகளுடையவையாம். பின்னணியில் யானைகளும் பிள்ளையார் படமும். யோகத்துக்கும் அடிதடிக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் காப்காம்காரர்களைத்தான் கேட்க வேண்டும்!

அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான மார்வலுடன் காப்காம் கைகோத்து 1996-ல் 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' கொண்டுவந்தபோது தால்சிமுக்கு இடம் கிடைத்தது. 1997-ல் வந்த அடுத்த விளையாட்டிலும் இருந்தார். 1998-ல் அது 'மார்வல் வெர்சஸ் காப்காம்' என்று விரிந்தது. விரிந்ததுதான் அவருக்கு வினையாயிற்று. காப்காமின் மற்ற விளையாட்டுகளுக்கும் பங்கு கொடுக்க வேண்டியிருந்ததால், முதல் பட்டியலில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' கூட்டத்திலிருந்து ரியூ, சுன்-லீ, ஜாங்கியெஃப் என்று மூவர் மட்டுமே மிஞ்சினர். 2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் 56 பேர். யோகி திரும்பி வந்தார். 2011-ல் மூன்றாம் பாகம் வெளியானபோது 36 பேர். யோகி மறுபடி வெளியே.

56 எப்படி 36 ஆயிற்று? இரண்டாம் பாகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முந்தைய விளையாட்டுகளுக்காக வரைந்து வைத்திருந்த படங்களோடு வந்தவர்கள். செலவு குறைவு. மூன்றாம் பாகத்திலோ எல்லோரையும் முப்பரிமாண உருவமாகப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. நடை, குத்து, உதை, விழுதல், குரல் என்று ஒரு வீரனுக்கு உள்ள வேலை கொஞ்சநஞ்சமல்ல. அதற்கப்புறம் சோதனை. 36 பேர் என்றால் ஒருவரோடொருவர் மோத 630 ஜோடிகள். 56 பேர் என்றால் 1,540. ஒரு ஜோடியில் ஒருவன் எப்போதும் ஜெயிப்பான் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் யார் காசு கொடுத்து ஆடுவார்கள்? அதிலும் இந்த விளையாட்டில் மும்மூன்று பேராக அணி சேர்ந்து மோதுகிறார்கள். கணக்குப் பேரேடு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பெருக்கல் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆளா, வேலையா?

நம்மவர் கதையில் 1997-ல் நடந்தது மிகவும் சுவாரசியமானது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3' வந்தபோது பழைய வீரர்களில் ரியூவும் கென்னும் மட்டுமே இருந்தனர். தால்சிம் இல்லை. ஆனால் நெக்ரோ என்ற ரஷ்யக்காரன் புதிதாக வந்திருந்தான்; அவன் கைகள் ரப்பர் போல நீண்டன! ஆளை அனுப்பிவிட்டு அவர் பார்த்த வேலையை மட்டும் வேறொருவனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆபீஸ் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல.

தயாரிப்பாளர்கள் உண்மையில் இப்படித்தான் பார்க்கிறார்கள். தூரத்திலிருந்து அடிப்பவன் ஒருவன், பிடித்துத் தூக்கி எறிபவன் ஒருவன், பறப்பவன் ஒருவன் என்று முதலில் வேலைகளைப் பிரிக்கிறார்கள். ஒரே வேலையை இருவர் பார்த்தால் ஒருவர் தலை உருளும். 2017-ல் 'மார்வல் வெர்சஸ் காப்காம் இன்ஃபினிட்' 30 பேரோடு வந்தபோது எக்ஸ்-மென் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். பாத்திரங்கள் என்பவை அவை செய்யும் வேலைகள்தானே, அந்த வேலையைச் செய்ய வேறு வீரர்கள் இருக்கிறார்களே என்ற பாணியில் காப்காம் அதிகாரி ஒருவர் விளக்கம் சொல்லப்போக, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. எக்ஸ்-மென் சினிமா உரிமை அப்போது ஃபாக்ஸ் கம்பெனியிடம் இருந்தது. மார்வலுக்குச் சொந்தக்காரரான டிஸ்னிக்கு அது போட்டிக் கம்பெனி. நிஜக் காரணம் அதுதான் என்று ரசிகர்கள் முடிவு கட்டினர். 2019-ல் ஃபாக்ஸின் சினிமாத் தொழில் டிஸ்னி கைக்கே வந்துவிட்டது என்பது வேறு கதை.

அந்த அதிகாரி சொன்னது தொழில்ரீதியில் தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பத்து வருஷம் ஒரே வீரனை வைத்து விரல் தேயப் பழகியவனிடம், "உன் ஆளுக்குப் பதில் இன்னொரு ஆள் இருக்கிறான்" என்று சொன்னால் அவன் மனம் ஒப்புமா? நாளை நம்மையே அப்படிச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

பத்திரமும் பூட்டும்

இரவல் வீரர்களுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும். பத்திரத்துக்குக் காலக்கெடு உண்டு. 56 பேர் கொண்ட அந்த இரண்டாம் பாகத்தை 2013 இறுதியோடு இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்ப விற்பனைக்கு வந்தது 2024 செப்டம்பரில். 2008-ல் ஜப்பானில் வந்த 'தட்சுனோகோ வெர்சஸ் காப்காம்' 2010-ல் வெளிநாடு போனபோது, உரிமைச் சிக்கலால் ஒரு குண்டு பூதத்தை ஜப்பானிலேயே விட்டுவிட்டுப் போயிற்று.

சில சமயம் யந்திரமே கைவிட்டுவிடும். நின்டெண்டோவின் 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' விளையாட்டை 2014-ல் வீட்டு யந்திரத்துக்கும் கையடக்க யந்திரத்துக்குமாக மசஹிரோ சகுராய் தயாரித்தார். இருவராகச் சேர்ந்தே வரும் பனிமலை ஏறிகளைக் கையடக்க யந்திரத்தால் தாங்க முடியவில்லை; இரண்டிலிருந்தும் நீக்கிவிட்டார். 2018-ல் அடுத்த பாகத்தில் முன்பு வந்த அத்தனை பேரையும், அந்த இருவர் உட்பட, திரும்பக் கூட்டிவந்தார். இப்படிச் செய்தவர்கள் அபூர்வம்.

இடம் இருந்தும் ஏற்றாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2012 மார்ச்சில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' விளையாட்டில் 38 பேர், தால்சிமும் உண்டு. ஆனால் வாங்கியவர்கள் தோண்டிப் பார்த்தபோது, அதே தகட்டுக்குள் இன்னும் 12 வீரர்கள் தயாராகப் பூட்டி வைக்கப்பட்டிருப்பது அம்பலமாயிற்று. பூட்டைத் திறக்கத் தனியாகப் பணம். காலி பங்கைப் பூட்டி வைத்துக்கொண்டு 'இடமில்லை' என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2023-ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' வெளியான அன்று அதில் 18 வீரர்கள். தால்சிம் இருந்தார், நீளும் கைகளோடு எட்ட நின்று அடிக்கும் அவர் பாணி அந்தப் பதினெட்டில் வேறு எவருக்கும் இல்லை. 1991-ல் எட்டில் ஒன்றாக இருந்த இந்தியாவின் பங்கு இப்போது பதினெட்டில் ஒன்று. 1994-ல் வந்த ஆங்கிலப் படத்தில் ரோஷன் சேத் அவராக நடித்தார். இன்னொரு படத்தில் அந்த வேஷம் வித்யுத் ஜம்வாலுக்கு என்று 2025-ல் அறிவிப்பு வந்தது. 2012-ல் 'துப்பாக்கி' படத்தில் விஜய்யோடு மோதிய அதே வில்லன்தான்.